போர்ட்டோவா, ககேத்தியா? சேலத்துக்கு எடுத்துவர எந்த ஒயின்

ஒயின் ருசி பார்க்கப் போர்ச்சுகலும் நல்ல இடம், ஜார்ஜியாவும் நல்ல இடம். செலவில் ஜார்ஜியா கைக்கு அடக்கம், அதில் பேச்சே இல்லை. ஆனால் சேலத்துக்காரர் யாராவது கேட்டால் நான் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரப் பக்கம்தான் கை காட்டுவேன்.

ஜார்ஜியாவின் கிழக்கே ககேத்தி வட்டாரத்தில், கழுத்துவரை பூமியில் புதைத்த க்வெவ்ரி என்ற மண்தாழியில் திராட்சைச் சாற்றைத் தோல், விதையோடு ஊற்றி மாதக்கணக்கில் விடுகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய முறை இது. வெள்ளைத் திராட்சைதான், ஆனாலும் கடுந்தேநீர் மாதிரி நாக்கைத் துவர்க்க வைக்கும். விருந்தில் தமடா, அதாவது விருந்தை நடத்துகிறவர், ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்லச் சொல்லக் குடிக்கும்போது அதற்கு இணையே கிடையாது. மேற்கே இமெரேத்தியில் தோலைக் குறைவாகத்தான் சேர்ப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, போயிருந்தால் இன்னும் பிடித்திருக்கலாம்.

சிக்கல் ஊர் திரும்பிய பிறகு. சுங்கத்தில் தலைக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டுதான். அந்த இரண்டும் சித்திரை வெயிலில் எவ்வளவு நாள் தாங்கும்? க்வெவ்ரி ஒயினைத் திறந்தால், ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் குடித்து முடித்துவிட வேண்டும். வீட்டில் குடிக்கிறவர் ஒருவர் மட்டும் என்றால் பாதி பாட்டில் வீண்.

போர்ட்டோவின் டவுனி போர்ட், அதாவது பீப்பாயில் பழுக்கவைத்த இனிப்பு ஒயின், அப்படியல்ல. நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவதால் இனிப்பு மிஞ்சுகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தைத் தொடுகிறது. பிறகு ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காற்றோடு பழகிப் பழுக்கிறது. அதனால் திறந்த பின்னும் ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். போர்ட்டோவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள விலா நோவா டி காயா ஊரில் 10, 20, 30, 40 வருட டவுனியை வரிசையாகச் சுவைத்துப் பார்க்கலாம். எனக்கு 20 போதும். அதற்கு மேல் விலைதான் ஏறுகிறது. சில்லென்று ஊற்றி, பக்கத்தில் தட்டுவடை செட் வைத்துப் பாருங்கள், காரத்துக்கு அந்த இனிப்பு நன்றாகவே ஈடுகொடுக்கும்.

திறக்காத பாட்டிலையும் சமையலறைப் பரணில் போடாதீர்கள். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு இருந்தால் கோடை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். முக்கியமாக, வின்டேஜ் என்று போட்ட போர்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பாட்டிலுக்குள் பழுக்கிற சரக்கு, திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டும். அதற்கு க்வெவ்ரியே மேல்.