டைமர் மேல தப்பே இல்ல, ஆனாலும் செடி முந்திக்கிச்சு

ப்ளக்ல சொருகுற சாதா டைமர், சுத்தி 96 முள்ளு இருக்கும்ல, ஒரு முள்ளுக்கு 15 நிமிஷம், அதைத்தான் க்ரோ லைட்டுக்காக, அதான் வீட்டுக்குள்ள செடி வளர்க்கப் போடுற விளக்குக்காக, வாங்கினேன், ஆறு மாசம் ஆச்சு. மே நடுவுல இந்த ரிவ்யூ எழுதியிருந்தா ஒரு ஸ்டார்தான் விழுந்திருக்கும், ஏன்னா உள்ள வளர்த்த கஞ்சா செடிகளை ஏப்ரல் கடைசியில வெளிய தூக்கி வச்சு ரெண்டு மூணு வாரத்துலயே எல்லாம் மொட்டு விட ஆரம்பிச்சுது, முழங்கால் உயரம்கூட இல்ல, அதுக்குள்ள பூ. டைமர்தான் நடுவுல சொதப்பியிருக்குன்னு கழட்டிப் பாத்து திட்டி எல்லாம் பண்ணினேன். அது பாவம், நான் வச்ச 18 மணி நேரத்தை பிசகாம ஓட்டியிருக்கு. (வீட்ல வளர்க்க சட்டம் விடுற இடத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இது, மத்தவங்க கஞ்சான்னு வர்ற இடத்துல சாமந்தின்னு போட்டு படிச்சுக்கோங்க, கதை ஒண்ணுதான்.)

விஷயம் என்னன்னா இந்தச் செடி பகலை எண்றதில்ல, இருட்டைத்தான் எண்ணுது. இலையில இருக்கிற ஃபைட்டோக்ரோம்னு ஒரு நிறமி பகல்ல சிவப்பு வெளிச்சம் பட்டா ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டுல மெதுவா திரும்பும், இடைவிடாத இருட்டு ஒரு அளவைத் தாண்டிட்டா பூக்கிற நேரம் வந்தாச்சுன்னு செடி முடிவு பண்ணிடும். உள்ள 18 மணி நேரம் லைட்னா ராத்திரி வெறும் 6 மணி நேரம். 45 டிகிரி அட்சரேகையில ஏப்ரல் கடைசியில பகலே சுமார் 14 மணி நேரம்தான், அப்ப ராத்திரி 6ல இருந்து ஒரே நாள்ல 10க்கு எகிறுது. நமக்கு அது வசந்தம், வெயில் ஏறுது, நாள் நீளுது. செடிக்கு முந்தாநாள் வரைக்கும் நடுக்கோடை, இன்னிக்கு திடீர்னு இலையுதிர் காலம்.

1912லயே ஜூலியன் டூர்னுவான்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் இதே கஞ்சா செடியை வச்சுத்தான் இதை கவனிச்சாரு, குளிர்காலத்துல கண்ணாடி வீட்டுல விதைச்சது சின்னதா இருக்கும்போதே பூத்துருச்சுன்னு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, டைமர் டப்பாவுல மட்டும் இன்னும் வளர 18, பூக்க 12ன்னு ரெண்டே ரெண்டு படம் போட்டிருக்கான். 12க்கு வந்தாத்தான் பூக்கும்னு நம்மளும் நம்பிடுறோம். நிறைய ரகம் 14 மணி நேரப் பகல்லயே கிளம்பிடும், ரகத்துக்கு ரகம் முன்ன பின்ன இருக்கும். என் கம்ப்ளைன்ட் டைமர் மேல இல்ல, அந்தப் படம் மேல.

ஒரு சந்தேகம் வரலாம், கணுவுல ஒண்ணு ரெண்டு வெள்ளை நூல் தெரிஞ்சா பயப்படத் தேவையில்ல, வயசு வந்த செடி அப்படித்தான் காட்டும். நுனியில கொத்து கொத்தா கட்டினாத்தான் நிஜப் பூ. எனக்கு கொத்துதான். சரி, ஜூன்ல நாள் நீளும்போது தானா திருந்திடும்னு விடலாம், திருந்தவும் செய்யும், ஆனா அதுக்கு ஒரு மாசம்கூட ஆகலாம், நடுவுல ஒத்தை விரல் மாதிரி முறுக்கின இலையா வந்து பாக்கவே சகிக்காது. நான் சாயங்காலம் மங்கலா ஒரு பல்பு போட்டு ராத்திரியை சின்னதாக்கினேன். வளர்றதுக்கான வெளிச்சம் இல்ல அது, இன்னும் இருட்டலன்னு செடியை ஏமாத்துறதுக்கு மட்டும், அதுக்கு கொஞ்சமே போதும்.

டைமரோட அருமை தெரிஞ்சது இதுக்கப்புறம்தான். உள்ள ரெண்டு செடி மிச்சம் இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா செடி பழகிக்கும்னு சொல்றாங்க, எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல, வெளிய ராத்திரி நீளமா இருந்தா எவ்வளவு பழக்கினாலும் பூக்கத்தான் போகுது. அதுக்குப் பதிலா ஒத்திகை பாத்தேன். மே நடுவுல வெளிய பகல் எவ்வளவோ அதையே உள்ள வச்சேன், 14 முக்கால் மணி நேரம், அதாவது 18ல இருந்து 13 முள்ளைத் தூக்கி விட்டா போதும். ரெண்டு வாரம் பாத்தேன், நுனியில ஒண்ணும் இல்ல. ஜூன் முதல் வாரம் வெளிய வச்சேன், வெயிலுக்கு பழக்க ஒரு வாரம் நிழல்ல வச்சதோட சரி, ரெண்டும் சும்மா விறுவிறுன்னு ஏறுது. ஒத்திகையில மொட்டு வந்திருந்தா திரும்ப 18 வச்சு உள்ளயே இருக்க விட்டிருப்பேன், அவ்வளவுதான். ஆட்டோஃப்ளவர் விதை போடுறவங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, அது ராத்திரியை கண்டுக்காது, வயசானா பூக்கும்.

இனி குறை. கரண்ட் போனா இது அப்படியே நின்னுடும், வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடும், ஒரு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், பேட்டரி வச்ச டிஜிட்டல்ல இந்தப் பிரச்சனை கிடையாது. எல்இடி லைட் ஆன் ஆகுற நொடியில கரண்ட்டை குபுக்குனு இழுக்கும், நாலஞ்சு லைட்டை ஒண்ணா இதுல மாட்டினா உள்ள காண்டாக்ட் ஒட்டிக்கிட்டு லைட் அணையாமலே இருந்துடலாம், அதனால நான் ஒண்ணுதான் மாட்டுறேன். மழை படுற இடத்துல வைக்கவே கூடாது, வெளிய பல்புக்கு மூடி போட்ட வேற டைமர் வாங்க வேண்டியதாப் போச்சு. படுக்கிற ரூம்லயும் வேண்டாம், ராத்திரி பூரா உள்ள மோட்டார் கிர்ர்னு முனகிட்டே இருக்கும், நான் இப்ப அதை ஷூ ஸ்டாண்ட் பின்னாடி தள்ளி வச்சிருக்கேன். அஞ்சுக்கு நாலு, அந்த ஒண்ணு டப்பா மேல போட்ட படத்துக்காக கழிச்சது.