மண் ஈரப்பத சென்சார்: இரண்டு பருவம் வயலில் வைத்துப் பார்த்த பிறகு

ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அது உருண்டையாக நிற்கிறதா உதிர்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் விடும் நாளை முடிவு செய்து வந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கை எட்டுவது மேல்மண் வரைக்கும்தான். பயிர் குடிப்பது அதற்கு ஒரு சாண், இரண்டு சாண் கீழே. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வேளாண்மைக்கே செலவாகிறது என்னும் நிலையில், நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு சாண் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கருவியை வாங்கி, சொட்டுநீர் போட்ட தக்காளி வயலில் இரண்டு பருவம் நட்டு வைத்திருந்தேன். அளக்கும் வேலையில் இதன்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. அளந்தது யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில்தான் மனக்கசப்பு.

கருவி, ஒரு கைத்தடி பருமனுள்ள பிளாஸ்டிக் குச்சி. 10, 20, 40, 60 சென்டிமீட்டர் ஆழங்களில் நான்கு சென்சார்கள் அதற்குள் இருக்கின்றன. தலைப்பகுதியில் சிறிய சூரிய மின்தகடும் சிம் அட்டையும் இருக்க, அரை மணிக்கு ஒருமுறை கைபேசிச் செயலிக்கு அளவு வந்து சேர்கிறது. உள்ளே இருப்பது மின்தேக்கத் தன்மையை அளக்கும் வகை. ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி. நீருக்கு அது ஏறத்தாழ 80, மண்ணின் தாதுக்களுக்கு அது 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. இந்தப் பெரிய இடைவெளியால்தான், குச்சியைச் சுற்றியுள்ள மண்ணில் சிறிது நீர் கூடினாலும் குறைந்தாலும் கருவி அதைக் கண்டுகொள்கிறது. ஆனால் அது உணர்வது தன்னை ஒட்டியுள்ள சில சென்டிமீட்டர் மண்ணை மட்டுமே. மொத்த வயலுக்கும் பேசுவதாக நாம் நம்பும் எண், உண்மையில் சில கைப்பிடி மண்ணின் எண் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே நடும் விதமே பாதி வேலை. விளக்கத் தாளில் இதற்கு இரண்டே வரிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதியிருக்க வேண்டும். முதல் முறை துளையிட்டுக் குச்சியை இறக்கி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன். மறுநாள் இரண்டு மணி நேரம் சொட்டுநீர் ஓடி முடிந்த பிறகும், செயலியின் வரைபடத்தில் 20 சென்டிமீட்டர் ஆழத்தின் ஈரத்தைக் காட்டும் கோடு அசையவே இல்லை. பக்கத்தில் தோண்டிப் பார்த்தால் மண் ஈரமாகக் கையில் ஒட்டுகிறது. குச்சிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நூல் அளவு காற்றிடைவெளி இருந்திருக்கிறது. சென்சார் அந்தக் காற்றை அளந்துகொண்டிருந்தது. பிறகு அதே துளையின் மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, துளைக்குள் ஊற்றி, அந்தக் கூழுக்குள் குச்சியை மெல்லத் திருகி இறக்கினேன். கூழ் மேலே பிதுங்கி வழிந்தால் சரியாக இறங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு வாரத்தில் மண் இறுகியது. அதன் பிறகு வந்த கோடுகள் நம்பத் தகுந்தவையாக இருந்தன. குழாயில் நீர் சொட்டும் முனையான சொட்டுவானிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், செடி வரிசையிலேயே நடுவது முக்கியம். பாத்தியின் ஓரத்தில் நட்டால் அது எப்போதும் வறட்சியையே சொல்லிக்கொண்டிருக்கும்.

செயலி காட்டும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 20 சதவீத ஈரம் என்பது மணற்பாங்கான நிலத்தில் நீர் நிறைந்த நிலை. அதே 20 சதவீதம் கனத்த களிமண்ணில் செடி வாடத் தொடங்கும் நிலை. களிமண் நீரை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்கிறது, வேரால் இழுக்க முடிவதில்லை. எனவே எண்ணைவிட, நன்றாக நீர் பாய்ந்து மிகுநீர் வடிந்த மறுநாள் கோடு எங்கே நிற்கிறது, அங்கிருந்து எவ்வளவு இறங்கினால் செடியின் நுனி இலைகள் நண்பகலில் துவள்கின்றன என்ற இரண்டு குறிகளை நம் மண்ணிலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்வதுதான் சரி. செயலியில் மண்வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதன் களிமண்ணும் என் களிமண்ணும் ஒன்றல்ல. ஐயம் தீர ஒரு சோதனை செய்து பார்த்தேன். 100 கன சென்டிமீட்டர் கொள்ளும் இரும்பு வளையத்தால் மண்ணைக் கலையாமல் எடுத்தேன்; எடை 168 கிராம். அதை 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி மீண்டும் நிறுத்தபோது 136 கிராம். போனது 32 கிராம் நீர், அதாவது கன அளவில் 32 சதவீதம். அதே நேரத்தில் செயலி காட்டியது 41. இவ்வகை சென்சார்கள் களிமண்ணில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவது அறியப்பட்ட விஷயமே. கருவியைக் கழித்துக்கட்ட இது காரணமாகாது. திருத்தும் எண்ணை நாமே உள்ளிட ஓர் இடம் வைத்திருந்தால் குறையே இல்லை. அந்த இடம் செயலியில் இல்லை.

உப்பும் இதைக் குழப்புகிறது. சொட்டுநீர் வழியாக உரம் கரைத்து விட்ட நாட்களில், தண்ணீரின் அளவு வழக்கம்போலவே இருந்தாலும், கோடு வழக்கத்துக்கு மேல் ஒரு குதி குதித்தது. கிணற்று நீர் உப்பாக உள்ள இடங்களில் இந்தத் தொல்லை நிரந்தரமாக இருக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், 40, 60 சென்டிமீட்டர் கோடுகளுக்காகவே இந்தக் கருவி எனக்குப் பயன்பட்டது என்பேன். முதல் பருவத்தில், தண்ணீர் விட்ட ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரத்துக்குள் 60 சென்டிமீட்டர் கோடும் மேலே ஏறியது. அந்த ஆழத்தில் என் தக்காளிக்கு வேர் மிகக் குறைவு. அப்படியானால் நான் ஓட்டிய மோட்டாரில் ஒரு பங்கு வேரைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது, அதோடு கரைந்த உரமும் போயிருக்கிறது. குறிப்பாக நைட்ரேட், களிமண் பிடித்து நிறுத்தாத அயனி என்பதால், நீர் போகும் வழியிலேயே போய் நிலத்தடி நீரில் கலந்துவிடும். இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் விட்டதை நிறுத்தி, ஒரு மணி நேரமாகக் குறைத்து, இடைவெளியையும் குறைத்தேன். 20 சென்டிமீட்டர் கோடு பல் பல்லாக ஏறி இறங்க, 60 சென்டிமீட்டர் கோடு மட்டமாகப் படுத்துக்கொண்டது. மேல் சென்சார் எப்போது விட வேண்டும் என்றும், கீழ் சென்சார் எப்போது நிறுத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. இரண்டாவதைக் கைப்பிடி மண் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. விளைச்சல் கூடியதா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். இரண்டு பருவத்தின் மழையும் வெயிலும் ஒன்றாக இருக்கவில்லை.

செயலி தரும் பாசனப் பரிந்துரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐநா உணவு வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட நீராவிப்போக்குக் கணக்கீட்டு முறையைத்தான், அதாவது மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகிப் போகும் நீரை வானிலையைக் கொண்டு கணிக்கும் முறையைத்தான், அதுவும் பின்பற்றுகிறது. முறை நல்ல முறையே, ஆனால் அதற்கு ஊட்டப்படும் காற்று வேகமும் ஈரப்பதமும் தொலைவிலுள்ள வானிலை நிலையத்தவை. நான் அதைப் பார்ப்பதை முதல் மாதத்திலேயே விட்டுவிட்டேன்.

இனி மனக்கசப்புக்கு வருகிறேன். இரண்டு பருவங்களுக்கும் இடையில் நிலம் தரிசாகக் கிடந்தபோது ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. செயலியைத் திறந்தால் புதிய அளவுகள் மட்டுமல்ல, முந்தைய பருவம் முழுவதன் கோடுகளும் மறைந்திருந்தன. சேவை மையத்தில் பேசியவர், "கருவி உங்களுடையதுதான் சார், ஆனால் பழைய தரவு சந்தாவோடு சேர்ந்தது" என்று மிகப் பணிவாகச் சொன்னார். பணம் கட்டியதும் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் என் வயலில், என் தண்ணீரில் பிறந்த கணக்கை, கட்டணம் கட்டினால்தான் நான் பார்க்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தரவைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வழியும் இல்லை. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது ஒன்றே வழி. மின்கலமும் பிசின் ஊற்றி மூடப்பட்டிருப்பதால், அது தளர்ந்துபோகும் நாளில் குச்சி முழுவதும் குப்பைதான்.

இது ஒரு கருவியோடு நிற்கும் குறையும் அல்ல. டிராக்டர் முதல் பால் கறக்கும் இயந்திரம் வரை, விற்ற பிறகும் சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் போக்கு வேளாண் கருவிகளில் பரவி வருகிறது. இதற்கு எதிராகத்தான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், வேளாண் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையை உரிமையாளருக்கு உறுதிசெய்யும் சட்டத்தை 2023இல் இயற்றியது. இணையத்தோடு இணைந்த கருவிகள் உருவாக்கும் தரவைப் பயனர் பெறுவதற்கான உரிமையைத் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டமும் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சென்சாரின் துல்லியம் எவ்வளவு என்பதல்ல; சந்தா நின்றால் என்னென்ன நிற்கும் என்பதே.

இதற்கு மாற்றாக டென்சியோமீட்டர் இருக்கிறது. நுண்துளைகள் கொண்ட பீங்கான் முனை, நீர் நிரப்பிய குழாய், மேலே ஒரு வெற்றிட அளவி, அவ்வளவுதான். மண்ணிலிருந்து நீரை இழுக்க வேர் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும் என்பதை அது நேரடியாகச் சொல்வதால், சதவீதக் குழப்பமே இல்லை. அந்த இழுவிசையை அளவி சென்டிபார் என்ற அழுத்த அலகில் காட்டும். முள் 10 சென்டிபாருக்குக் கீழே நின்றால் மண் நீரில் மிதக்கிறது. 30க்கு மேல் ஏற ஏறத் தண்ணீர் விடும் நேரம் நெருங்குகிறது. 80 சென்டிபாரைத் தாண்டினால் குழாய்க்குள் காற்று புகுந்து அளவு பொய்யாகிவிடும். குழாயில் அடிக்கடி நீர் நிரப்ப வேண்டும். வயலுக்கு நடந்துபோய்த்தான் படிக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் குடியிருந்து பயிர் செய்பவர்களுக்கு இந்த நடை ஒரு சுமையே அல்ல, அவர்களுக்கு நான் டென்சியோமீட்டரைத்தான் சொல்வேன். தொலைவில் பல துண்டு நிலங்களை வைத்துக்கொண்டு, தண்ணீர் கட்ட ஆள் கிடைக்காமல் அல்லாடுபவர்களுக்குச் சென்சார் குச்சி பொருந்தும். குத்தகை நிலமாக இருந்தால், அடுத்த நிலத்துக்கு எடுத்துச் சென்று புதிதாக நட்டு, இரண்டு குறிகளையும் மறுபடி கண்டுபிடிக்க ஒரு பருவம் பிடிக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளர்கள் தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்வதில் ஒரு பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். ஒரு வயலில் மிச்சமான நீரைக் கொண்டு பக்கத்து ஏக்கரிலும் பயிர் வைத்துவிட்டால் நிலத்தடி நீருக்கு ஒரு சொட்டும் மிச்சமில்லை, சில இடங்களில் முன்பைவிடக் குறையவும் கூடும். முதல் பருவம் முடிந்ததும் எனக்கும் அந்த ஆசை வந்தது.

மூன்றாம் பருவத்துக்கு இப்போது நாற்று விட்டிருக்கிறேன். குச்சியைப் பிடுங்கவில்லை, அதற்கு ஒரு முழம் தள்ளி 20, 40 சென்டிமீட்டர் ஆழங்களில் இரண்டு டென்சியோமீட்டர்களை இறக்கியிருக்கிறேன். காலையில் முள் காட்டும் அளவும் செயலி காட்டும் சதவீதமும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஏறுகின்றன. சந்தா முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.