ஈவோவும் எஸ்டிஐயும்: எட்டு வருடப் போட்டி

மிட்சுபிஷி லான்சர் ஈவோ 9 என்னிடம் வந்து எட்டு வருடமாகிறது. 2006 மாடல், ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியானது. வாங்கிய மூன்றாம் மாதமே என் நண்பன் ஒரு 2.5 லிட்டர் சுபாரு எஸ்டிஐயோடு வந்து நின்றான். எனக்குப் போட்டியாகத்தான் வாங்கினான், இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

மாமாக் கடையில் (இங்கே மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகம்) தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், வந்ததும் எங்கள் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். 2002இல் நம்ம மலேசியர் கரம்ஜித் சிங் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் பட்டம் வென்ற புரோட்டான் பெர்ட், உள்ளுக்குள் மிட்சுபிஷிதானே என்பேன். 1995இல் கோலின் மெக்ரே உலக ராலிப் பட்டத்தை எதில் ஜெயித்தார், சுபாருவில்தானே என்பான் அவன். 1996 முதல் 1999 வரை நான்கு வருடம் மிட்சுபிஷியில் மாக்கினென் என்பேன். இருவருமே ஒரு தோட்டத்துச் செம்மண் பாதையில்கூட ராலி ஓட்டியவர்கள் இல்லை.

சரி, காருக்கு வருகிறேன். ஈவோவின் 4ஜி63 இன்ஜினின் இரும்பு பிளாக்கை நம்பிப் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றலாம். பெரிய இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது), எக்ஸாஸ்ட், ட்யூனிங் எல்லாம் செய்தும் இன்ஜின் இதுவரை மக்கர் செய்யவில்லை. ஆனால் டைமிங் பெல்ட்டோடு பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் சின்ன பெல்ட் அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வுகள் போய்விடும். என் செலவெல்லாம் வேறு இடத்தில். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் நடு டிஃபரன்ஷியலை இயக்கும் ஏசிடி பம்ப் துருப்பிடித்து, டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் சென்சார்தான் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். மறுவாரம் விளக்கு மறுபடி எரிந்தது. கடைசியில் பழைய பம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தவன் சுபாருக்காரன்தான்.

நெடுஞ்சாலையில் 110இல் போனால் ஐந்தாம் கியரிலேயே இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 தடவைக்கு மேல் சுற்றி இரைகிறது. அவனுக்கு ஆறு கியர். இந்த ஒரு விஷயத்தில் பொறாமை உண்டு.

அவனுக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் மாற்ற பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கையை நெளித்து உள்ளே விட வேண்டும். ஒருமுறை பவர் கூடும் என்று சம நீளக் குழாய்கள் கொண்ட ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பு) போட்டான். பவர் கூடியது, ஆனால் சுபாருவின் அந்தக் 'குடுகுடு' சத்தம் போய்விட்டது. ஒரே மாதத்தில் பழையதையே திரும்ப மாட்டினான். நான் சிரித்த சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை.

ரோட்டில் நாங்கள் போட்டி போடுவதில்லை, செப்பாங் ட்ராக்கில் மட்டும்தான். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். ஈவோ ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே வளைவுக்குள் மூக்கை நுழைக்கும். சுபாரு கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பும். நம்ம ஊர் வெயிலில் நான்காவது சுற்றிலேயே இரண்டு காரும் சூடேறித் தளர்ந்துவிடும். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 37 நொடி, அவனுடையது 2:39. இதை வைத்தே பல வருடம் அவனைக் கிண்டலடித்தேன்.

போன வருடம் அவன் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்தது. பூஸ்ட் ஏற்றிய 2.5 லிட்டர் இன்ஜின்களில் அடிக்கடி கேட்கிற கதைதான். இன்ஜின் பிரிந்து கிடந்த ஐந்து மாதமும் செப்பாங்குக்கு என் காரிலேயே போனோம், மாறி மாறி ஓட்டினோம்.

என் காரில் அவன் 2:36 போட்டான். அந்த நேரம் பதிவான காகிதச் சீட்டை எஸ்டிஐயின் டாஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறான்.