இரண்டரையில் நிற்காத ஃபேன் ரெகுலேட்டர்

புது வீட்டுக்கு வயரிங் செய்துகொண்டிருக்கும் நண்பர் ஒருவர், "உங்க வீட்டு ஸ்டெப் ரெகுலேட்டர் எப்படிங்க? பேசாம டிம்மரே போட்டுடவா?" என்று கேட்டார். ஸ்டெப் என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணுக்கு எண் தாவும் ஃபேன் ரெகுலேட்டர்; டிம்மர் என்றால் எந்த இடத்திலும் நிறுத்தக்கூடியது. போன வாரம்தான் எங்கள் படுக்கையறையில் ஒன்றை மாற்றினோம். ஆகவே கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். சத்தமே கிடையாது. முன்பு இருந்த டிம்மர், உள்ளே இருக்கும் ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்சை வைத்து மின்னலையில் ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ஃபேனுக்கு அனுப்பும். வேகத்தைக் குறைத்தால் மோட்டார் 'ங்ங்ங்' என்று முனக ஆரம்பிக்கும். அம்மா காலையில் மீடியம் வேவ் ரேடியோ போட்டால் கரகரப்பு வேறு. ஸ்டெப் வகை, கண்டன்சரைத் தொடரில் போட்டு வோல்ட்டேஜைக் குறைக்கிறது, அலை வெட்டுப்படுவதில்லை. முதல் நாள் ராத்திரி, ஃபேன் ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் போலச் சுடுவதும் இல்லை.

சரி, இப்போது புகாருக்கு வருகிறேன். இதில் இரண்டரை இல்லை!

"ரெண்டுல வேர்க்குது, மூணுல முழங்கால் குடையுதுடா" என்பது அம்மாவின் தினசரி வழக்கு. கழற்றிய ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே இருந்தவை இரண்டே கண்டன்சர்கள், 2.2, 3.3 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் அளவைச் சொல்லும் அலகு; அளவு கூடினால் ஃபேன் வேகமும் கூடும்). ஒன்றாம் எண்ணில் சின்னது, இரண்டில் பெரியது, மூன்றில் இரண்டும் சேர்ந்து 5.5, நான்கில் நேரடி. 3.3-லிருந்து ஒரே தாவில் 5.5. டிசம்பர் ராத்திரிக்குத் தேவையான காற்று இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. திருகும் குமிழுக்கு அங்கே நிற்க இடமில்லை. முனகினாலும் டிம்மர் நாம் விட்ட இடத்தில் நின்றது.

இன்னொரு எரிச்சல், இது சொல்லாமல் கொள்ளாமல் கிழமாகிறது. ஒன்றாம் எண் நாளுக்கு நாள் மந்தமாகிக் கடைசியில் ஃபேன் கிளம்பவே மறுத்தது. எலக்ட்ரீசியன் வழக்கம்போல ஃபேனின் சொந்தக் கண்டன்சரை, அந்த 2.5 மைக்ரோஃபாரடை, மாற்றிப் பார்த்தார். நான்கில் கொஞ்சம் தெம்பு வந்தது, ஒன்று அப்படியேதான். மீட்டரை வைத்ததும் ரெகுலேட்டரில் 2.2 என்று எழுதியிருந்தது 1.4 காட்டியது. வோல்ட்டேஜ் எகிறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு பலவீனமான இடத்தில் பொசுங்கி, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அப்படிக் காப்பாற்றிக் காப்பாற்றியே அளவு தேய்ந்துவிடும். கரண்ட் போய் வரும் தெருவில் வேறென்ன எதிர்பார்ப்பது?

நடுவில் மச்சான் ஒரு யோசனை சொன்னார், கிரைண்டருக்கும் இதையே போடலாமே என்று. வேண்டாம். ஃபேன் இறக்கைக்கு வேகம் குறைந்தால் சுமையும் குறையும். அதனால்தான் வோல்ட்டேஜைக் குறைக்கும் தந்திரம் பலிக்கிறது. மாவில் கிடக்கும் கல் அப்படி விட்டுக்கொடுக்காது. மோட்டார் திணறி நின்று காயில் கருகும். இண்டக்ஷன் மோட்டாரை முறையாக மெதுவாக்க, வோல்ட்டேஜோடு கரண்டின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸையும் குறைக்க வேண்டும். அது சுவிட்ச் பாக்ஸில் அடங்குகிற வேலையில்லை.

இத்தனை திட்டிவிட்டுப் படுக்கையறைக்கு மறுபடியும் அதே வகையைத்தான் வாங்கி மாட்டியிருக்கிறேன், இந்த முறை ஐந்து எண் உள்ளது. நண்பருக்கு என் பதில்: ஹாலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். தூங்குகிற அறைக்கு வேண்டாம். அங்கே காசு கூடினாலும் பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்டது) போடுங்கள்; முழு வேகத்திலேயே 30 வாட் சுற்றித்தான் இழுக்கும், வேகம் ரிமோட்டில். ஆனால் அதற்கு முன்னால் எந்த ரெகுலேட்டரும் இருக்கக் கூடாது. வெறும் சுவிட்ச் மட்டும் வைக்கச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.