தீவுகள் துண்டிக்கப்படும்போது: சிற்றலை வானொலியா, செயற்கைக்கோளா, பலூனா, கேபிளா?

2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது, பசிபிக் தீவு நாடான டோங்காவை ஃபிஜியுடன் இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் நாடு வெளியுலகத் தொடர்பை இழந்தது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து, சிதைந்த பகுதிக்குப் புது வடம் இட்டு இணைப்பை மீட்கும்போது பிப்ரவரி 22 ஆகிவிட்டது. அந்த ஐந்து வாரங்களை எதைக் கொண்டு கடப்பது என்பதைத்தான் ஒவ்வொரு தீவும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பேரிடருக்குப் பின் வந்திறங்கும் நவீனக் கருவியைவிட, அதற்கு முன்பே தீவில் இயங்கிக்கொண்டிருக்கும் எளிய கருவியே முதல் நாட்களில் உயிர் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு அந்தமானே சான்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, உரிமம் பெற்றுத் தனிப்பட்ட ஆர்வத்தில் வானொலி இயக்கும் ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் ஏற்கெனவே நிலையம் அமைத்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்; மற்ற தொடர்புகள் முடங்கிய வேளையில் அந்த நிலையமே பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பும் வழியாயிற்று. சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் வளைந்து திரும்புவதால் இடையில் கோபுரமோ கேபிளோ இன்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டும். மின்சாரத்துக்குக் கார் பேட்டரி போதும். ஆனால், ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும், பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க வேண்டும். மருந்துத் தேவையையும் உயிரோடிருப்போர் பட்டியலையும் அனுப்ப இது ஏற்றது. ஓர் ஊரே உறவினருடன் பேச விரும்பும்போது ஈடுகொடுக்காது.

அந்த இடத்தைச் செயற்கைக்கோள் நிரப்புகிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைக் கோளுக்கு டிஷ்ஷைச் சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும், பேச்சிலும் தாமதம் தெரியும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற இணையச் செயற்கைக்கோள்களின் தரைக் கருவிகளான முனையங்களை நிறுவுவது எளிது, வேகமும் அதிகம். ஆயினும் டோங்காவுக்கு ஸ்டார்லிங்க் வழங்கிய 50 முனையங்கள் வந்து சேர்ந்தது பிப்ரவரியில்தான். அவை முன்பே தீவுக்குத் தீவு வைக்கப்பட்டிருந்தால், முதல் வாரத்தின் பரிதவிப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

2017 செப்டம்பரில் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவின் செல்பேசிக் கோபுரங்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை முடக்கிய பிறகு, பலூன் வழியே இணையம் தரும் லூன் திட்டத்தின் பலூன்கள், விமானங்கள் பறப்பதைவிட உயரமான அடுக்கு மண்டலத்திலிருந்து மக்களின் சாதாரணக் கைபேசிகளுக்கே இணைப்புத் தந்தன. அதுவே அவற்றின் பெருஞ்சிறப்பு. ஆனால் அரசின் அனுமதி, உள்ளூர் நிறுவனங்களின் அலைவரிசை, தரைநிலையம், சாதகமான காற்று ஆகிய நான்கும் கூடி வர வேண்டியிருந்தது. லூன் நிறுவனமும் 2021இல் மூடப்பட்டது.

நீண்ட காலத்துக்குக் கேபிளின் கொள்ளளவுக்கு மாற்றில்லை. ஆனால் டோங்காவின் வெளித் தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் சீராக 2023 வரை ஆனது. 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கேபிள் கார் நிக்கோபார், கமோர்ட்டா போன்ற தொலைதூரத் தீவுகளையும் இணைக்கிறது. அது வந்துவிட்டதென்று அத்தீவுகளின் டிஷ்களைக் கழற்றிவிடலாகாது. ஒவ்வொரு தீவிலும் ஒரு சிற்றலை நிலையம், சூரியத் தகட்டில் ஏறும் பேட்டரி, நிலையத்தை இயக்கப் பழகிய உள்ளூர்க்காரர் இருவர் ஆகிய ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு, கேபிளின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.