மினி-இசட் காரோடு மூன்று வருடம்: மோட்டாரில் விட்டதை டயரில் பிடித்தேன்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த நண்பன் ஒரு டப்பாவை நீட்டினான். நான்தான் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். உள்ளே கியோஷோவின் மினி-இசட், ரிமோட்டில் ஓட்டுகிற குட்டி ரேஸ் கார். எம்ஆர்-03 சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், பின்சக்கர ஓட்டம். அந்த ஜப்பான் கம்பெனி இந்த வரிசையை 1999-ல் தொடங்கியது. அளவு, நிஜக் காரில் 28-ல் ஒரு பங்கு. நாலரை மீட்டர் கார் ஒன்று 16 சென்டிமீட்டராகி உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். ரேஸ் ஓட்ட மைதானம் தேட வேண்டாம், வீட்டுக் கூடமே போதும் என்பதுதான் என்னை இழுத்தது.

கூடம் போதவில்லை என்பது முதல் நாளே தெரிந்தது. இடம் இருந்தது, பிடிமானம் இல்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் ரிமோட்டின் ட்ரிகரை அழுத்திக் கொஞ்சம் வேகம் கொடுத்தாலே வால் சுழன்று சோபாவுக்கு அடியில் போய் நின்றது. போதாததற்குத் தூசி. ஒரு வாரத்தில் பின் அச்சில் முடி சுற்றிக்கொண்டு சக்கரமே இறுகிவிட்டது. இதைச் சுத்தம் செய்யத்தான் முதன்முதலாகக் காரைப் பிரித்தேன். ஓட்டத் தயாராக வருகிற ரகம்தான் நான் வாங்கியது. ஆனாலும் இந்த மூன்று வருடத்தில் எத்தனை முறை கழற்றி மாட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூக்கள். "ஏண்டா, கால்ல குத்துது பாரு" என்று அம்மா அடிக்கடி ஒன்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து தருவாள். அப்புறம்தான் காந்தம் வைத்த தட்டு ஒன்று வாங்கினேன்.

பிரித்தபோது கண்ணில் பட்டது சக்கரத்துக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் புஷ், அச்சைத் தாங்கும் வளையம். அதை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டேன். செலவு செய்ததில் உருப்படியானது அதுதான். விரலால் சுண்டினால் சக்கரம் நீண்ட நேரம் சுற்றுகிறது, பேட்டரியும் கூடுதலாகத் தாங்குகிறது.

உருப்படாத செலவு மோட்டார். வேகமான மோட்டார் ஒன்று போட்டால் தம்பி மகனை ஜெயித்துவிடலாம் என்று ஆசை. நேர்ப்பாதையில் சீறியது, நிஜம். ஒவ்வொரு வளைவிலும் சுழன்றதும் நிஜம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்துச் சுற்றுக்குச் சராசரி எடுத்தேன். பழைய மோட்டாரில் சுற்றுக்கு 7.4 விநாடி, புதியதில் 7.9! பேசாமல் பழையதையே மாட்டிவிட்டேன். புதியது இன்னும் டிராயரில் இருக்கிறது.

இதற்குள் டிராக்கை மொட்டைமாடி அறைக்கு மாற்றியிருந்தோம். குழந்தைகள் விளையாட விரிக்கிற, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய்கள் 24 வாங்கினேன். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் சதுரம். முறையான மினி-இசட் டிராக்குகளும் இதே மாதிரி கோத்துப் போடுகிற ஃபோம் ஓடுகள்தான். ஓரத்துக்கு வயரிங் பைப்பை வெட்டி ஒட்டினோம். பைப் தப்பான தேர்வு. மோதினால் கார் தாங்காது, மெத்தென்று எதையாவது போட்டிருக்கலாம்.

டைல்ஸில் பிடிமானம் போதவில்லை என்றால் ஃபோமில் அது தேவைக்கு மேல். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் கார் உருண்டு கூரைமேல் விழுந்தது. இங்கேதான் டயர் பாடம் ஆரம்பம். இந்த ரப்பர் டயர்கள் 20, 30, 40 என்று எண் போட்டு வரும். எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிமானம் அதிகம். நான் முன்னாலும் பின்னாலும் மென்மையானதையே போட்டிருந்தேன். முன்னால் 40, பின்னால் 20 என்று மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதியை ஃபெவிக்விக் தீர்த்தது. முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் மெலிதாக ஒரு கோடு தடவிக் காயவிட வேண்டும். அந்த விளிம்பு கெட்டியாகி, வளைவில் பாயைக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டு போகும். தரையைத் தொடும் பகுதியில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. முதல் தடவை பட்டுவிட்டது, டயர் ஜோடி குப்பைக்குப் போனது. டயரை ரிம்மில் மெல்லிய டபுள் டேப்பால் ஒட்டுவதும் அவசியம். இல்லாவிட்டால் வளைவில் டயர் மட்டும் தனியே கழன்று வரும்.

அடுத்தது டி-பிளேட். முன் சேசிஸையும் பின்னால் மோட்டார் இருக்கும் பகுதியையும் இணைக்கிற டி வடிவத் தகடு. இது முறுக்கிக் கொடுப்பதுதான் பின்பக்கத்துக்கு சஸ்பென்ஷன். காரை இரு கையிலும் பிடித்துத் துணி பிழிவதுபோல லேசாகத் திருகிப் பார்த்தால் எவ்வளவு வளைகிறது என்று தெரியும். டைல்ஸுக்கு மென்மையான தகடு சரியாக இருந்தது. ஃபோமில் அதே தகடு காரை மந்தமாக்கியது, ஸ்டீயரிங் திருப்பியபின் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பியது. கெட்டியான தகடு போட்டதும் சுற்றுக்கு 6.8 விநாடி வந்தது. மோட்டார் அதே பழைய மோட்டார்.

கெடுத்ததில் பெரியது ஸ்டீயரிங். காரை ஆன் செய்துவைத்தபடியே முன் சக்கரத்தைக் கையால் திருப்பினேன். 'கர்ர்' என்று ஒரு சத்தம். உள்ளே சர்வோவின், அதாவது முன் சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார் அமைப்பின், பிளாஸ்டிக் கியரில் இரண்டு பல் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். மாற்றுக் கியர் வர மூன்று வாரம், மாட்ட ஒரு இரவு. பெரிய ரிமோட் காராக இருந்தால் சர்வோவை அப்படியே கழற்றி வேறு போடலாம். இதில் அது சேசிஸுக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

பேட்டரி நான்கு, ஏஏஏ அளவு. கடையில் கிடைக்கிற அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் ஆகிற நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். ஆனால் மோட்டார் இழுக்கும்போது அல்கலைன் சட்டென்று தொய்ந்துபோகும், நிக்கல் நின்று கொடுக்கும். நான்கிலும் மார்க்கரால் 1 என்று எழுதி ஒரே செட்டாகவே வைத்திருக்கிறேன். சுமார் இருபது நிமிடம் ஓடுகிறது.

சரி, ரேஸ். பன்னிரண்டு வயதுப் பையனிடம் கடந்த ஞாயிறும் தோற்றேன். அவன் காரில் பேரிங்கைத் தவிர நான் எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை. சந்தேகம் வந்து காரை மாற்றிக்கொள்வோம் என்றேன். என் காரிலும் அவனே ஜெயித்தான். "பெரியப்பா, நீங்க வளைவுக்குள்ள போயும் ட்ரிகரை விடவே மாட்டேங்கறீங்க" என்றான்.

அவன் கார் இப்போது என் மேசையில் திறந்து கிடக்கிறது. பின் அச்சைச் சுற்றி அம்மாவின் நரைமுடி ஒன்று, எட்டு சுற்று.