என் ஹைட்ரஜன் பெட்டியும் பக்கத்துக் கடை ஜெனரேட்டரும்: மூன்று வருட அனுபவம்

போன வாரம்தான் என் ஃப்யூயல் செல்லின் ஸ்டாக், அதாவது செல்களை வரிசையாக அடுக்கிய முக்கியப் பகுதி, சர்வீஸ் முடிந்து திரும்பி வந்தது. அதே வாரம் திருவான்மியூர் நண்பன் போன் செய்து, “டேய், டீசல் ஜெனரேட்டரை வித்துட்டு உன்னை மாதிரி ஃப்யூயல் செல் வாங்கட்டுமா?” என்று கேட்டான். முக்கால் மணி நேரம் புலம்பினேன். மிச்சப் புலம்பல் இங்கே.

ஃப்யூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து கரண்ட் தரும் பெட்டி, மிச்சமாக வருவது தண்ணீர். என்னுடையது 1 கிலோவாட், காற்றால் குளிரும் வகை. ராயபுரத்தில் என் ரத்தப் பரிசோதனை லேபுக்கு பேக்கப். மொட்டை மாடிக் கொட்டகையில் சிலிண்டர், அதற்கு அடுத்து பெட்டி. 7 கன மீட்டர் சிலிண்டர் முழு லோடில் ஏறக்குறைய 9 மணி நேரம் தாங்கும். மின்விசிறி இரைச்சலும் வால்வின் ‘டிக்’கும்தான் சத்தம். அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து முதல் மாதம் முழுக்க வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

வாங்கும்போது எல்லோரும் பயமுறுத்தியது ஹைட்ரஜனின் சுத்தத்தைப் பற்றித்தான். அது நியாயமான பயம். 99.999 சதவீதம் என்று சான்றிதழ் சொன்னால், மீதி பத்து லட்சத்தில் 10 பங்கு. அந்தப் பத்தும் நைட்ரஜன் என்றால் கவலையில்லை. கார்பன் மோனாக்சைடு என்றால் கதை கந்தல். பஸ் சீட்டில் துண்டு போடுவது போல, செல்லுக்குள் வினையை நடத்தும் பிளாட்டினத்தின் மேல் இடம் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் நின்றுகொண்டே வர வேண்டியதுதான். நல்ல வாயுவை ஓட்டினால் மெல்ல எழுந்து போய்விடும். கந்தகம் அப்படியில்லை, அது துண்டு போடாது, பட்டாவே வாங்கிவிடும். வண்டிகளுக்கான ஹைட்ரஜனுக்கு உள்ள சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14687 கார்பன் மோனாக்சைடை நூறு கோடிக்கு 200 பங்கு வரை விடுகிறது, கந்தகத்துக்கு வெறும் 4. சிலிண்டர்காரர் ஒருமுறை சாதாரணத் தொழிற்சாலை ரக வாயுவை அனுப்பி, அரை மணி நேரத்தில் வோல்டேஜ் படுத்தது. சிலிண்டரை மாற்றியதும் எழுந்துவிட்டது. அதோடு சரி.

என் உயிரை எடுப்பது இந்தப் பக்கம் அல்ல. காற்றுப் பக்கம்.

ஹைட்ரஜனுக்கு பில் உண்டு, சான்றிதழ் உண்டு. பெட்டி இழுக்கும் ஆக்ஸிஜனுக்கு? ராயபுரத்துக் காற்றுதான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: பேக்கப் பெட்டி எப்போது ஓடும்? கரண்ட் போனால். கரண்ட் போனால் தெருவே ஜெனரேட்டர் போடும். பக்கத்துக் கடையின் புகைக்குழாய் சரியாக எங்கள் கைப்பிடிச் சுவர் உயரத்தில் முடிகிறது. சுத்தமான எரிசக்தி என்று காசு கொட்டி வாங்கிய பெட்டி, அடுத்தவர் புகையை மூச்சாக இழுத்து வேலை செய்கிறது! 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான். அதனால் எனக்கு வில்லன் நைட்ரஜன் ஆக்சைடுகள். சில நிமிடங்களில் வோல்டேஜ் இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் நல்ல காற்றில் சில மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். ஆனால் தேவையில்லாமல் ஓட்டும் அந்த நேரத்துக்கும் ஹைட்ரஜன் என் காசு.

திரும்பாத சேதம் கடல் காற்றில் வரும் உப்பால்தான். சர்வீஸ் பையன் ஃபில்டரைக் கழற்றியபோது சட்டத்தின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். காசிமேட்டுக் கருவாடு. உப்பிலுள்ள சோடியம், செல்லின் நடுவே புரோட்டான்களைக் கடத்தும் சவ்வுக்குள் புகுந்து அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. குளோரைடு பிளாட்டினத்தையே கரைத்து விடுகிறது. அவன் மல்டிமீட்டரை ஒவ்வொரு செல்லாக வைத்துக்கொண்டே போனான்: 0.65, 0.64, 0.65... ஓரத்தில் ஐந்து மட்டும் 0.4-ஐத் தாண்டவில்லை. ஐந்தையும் மாற்றியாயிற்று. கார்பன் ஃபில்டர் போட்டால் வாயுக்களும் நிற்கும், ஆனால் தடிமனான ஃபில்டரில் மின்விசிறி திணறி ஸ்டாக் சூடாகிறது. இந்தப் பக்கம் போனால் உப்பு, அந்தப் பக்கம் போனால் சூடு.

2025 ஜூலையில் சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்த செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ‘ஃபில்டர் என்ன போட்டிருப்பார்கள்?’ என்பதுதான். அதற்கு ஒதுக்கியது ஹரியானாவின் ஜிந்த் – சோனிபட் பாதை. கடலே கிடையாது. கொடுத்து வைத்த வண்டி.

நியாயமாகச் சொன்னால், மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ஃப்ரிட்ஜ் அணைந்து சாம்பிள் கெட்டதில்லை. நள்ளிரவில் கரண்ட் போனால் கீழ்வீட்டுக் குழந்தை எழுவதில்லை. இதெல்லாம் உண்மை. இருந்தாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். திருவான்மியூரில் அவன் வீட்டிலிருந்து கடல் நாலு தெரு.

நேற்று பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் போய், புகைக்குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டேன். “அதுக்கு எதுக்கு சார் குழாயைத் திருப்பணும்? உங்க பெட்டில இருந்து எனக்கும் ஒரு லைன் குடுங்க, நான் ஜெனரேட்டரே போடல” என்றார். அவருக்கு ஒரு ஃப்ரீசர், நாலு விளக்கு. என் லோடு 600 வாட்டைத் தாண்டாது. எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.